பெற்ற தாய், டோக்கன் நம்பர் 57

எல்லாக் கலவரத்துக்கும் காரணம் ஒரே ஒரு வார்த்தை. எந்த ஆபீசில் எந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யார் அதை எழுதினானோ தெரியாது. அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் 1991 ஆகஸ்ட் மாதத்தில் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

என் பேர் லூர்து மேரி. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டை ஒட்டிய எங்கள் ஊர் பால்வாடியில் ஒன்பது வருஷமாக வேலை. ஊர்க்காரர்கள் என்னை டீச்சர் என்பார்கள், அரசாங்கம் பணியாளர் என்னும். மாதாமாதம் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லக்கூடாது, மதிப்பூதியம் என்று சொல்ல வேண்டும். அதில் மதிப்பும் இல்லை ஊதியமும் இல்லை என்று ஒரு கூட்டத்தில் வாயை விட்டுவிட்டு மெமோ வாங்கியவள் நான். காலை ஒன்பதரைக்குத் திறந்து, பாட்டுச் சொல்லி, சத்துமாவு உருண்டை கொடுத்து, சாப்பாடு போட்டு, பன்னிரண்டரைக்குப் பூட்டிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நிமிஷம் குழந்தையை வைத்திருக்கச் சட்டம் இல்லை. உதவிக்கு ஆயா தாயாரம்மாள் இருந்தாள். அந்த அம்மாவுக்கு உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. புது மூட்டை மாவு வந்தால் முதல் உருண்டையைக் காக்காய்க்கு வைத்து, காக்காய் பறந்து போகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் குழந்தைகளுக்குக் கொடுப்பாள்.

ரோட்டோரம் ஷூ கம்பெனி வந்து அப்போது மூன்று வருஷம். வெளிநாட்டுக்குப் போகிற ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலை. அதுவரை களை பறிக்கப் போன பெண்கள் டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எட்டு மணிக்குள் கேட்டைத் தாண்ட ஓடினார்கள். அவர்களில் ஒருத்தி சின்னப்பொண்ணு. புருஷன் மாரி லாரியில் கிளீனர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தால் அதிகம். மாமியார் இல்லை, அம்மா வீடு உத்திரமேரூர் பக்கம். இரண்டரை வயசில் கவிப்பிரியா என்று ஒரு பெண் குழந்தை. காலையில் வேலைக்கு ஓடுகிற வழியில் அதைப் பால்வாடி வாசலில் தாயாரம்மாளிடம் விட்டுவிட்டுப் போவாள். பன்னிரண்டரைக்கு நான் பால்வாடியைப் பூட்டும்போது சின்னப்பொண்ணு சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கே போய்விடுவாள். தைக்கிற மிஷினுக்குக் கீழே தோல் துண்டுகள் குவிந்து கிடக்கும். அதன்மேல் ஒரு பழைய புடவையை விரித்துப் படுக்க வைப்பாள். அந்தப் பசை வாடையில் எப்படித்தான் அது தூங்கியதோ. மறுநாள் காலையில் அதன் தலைமுடியில் பசை நாற்றம் அடிக்கும்.

ஆகஸ்ட் மாதம் சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து உள்ளே ஒரு குழந்தையும் வரக்கூடாது, வேலையா பிள்ளையா என்று முடிவு செய்துகொள். சின்னப்பொண்ணு என்னிடம் வந்து, "ஒண்ணாந்தேதிக்கு அப்பறம் இன்னா பண்றதுன்னே தெர்ல டீச்சர்," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தில்தான் அமிர்தநாதன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஷூ கம்பெனியில் பர்சனல் ஆபீசர், ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர்தான். ஞாயிறு பூசையில் முன்வரிசையில் முழங்கால் போடுகிறவர். குழந்தைகளுக்கு மிட்டாய் பாக்கெட் கொடுத்தார். தாயாரம்மாள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், கொடுக்கவில்லை.

"மேரி, உங்களுக்கு நல்ல காலம்," என்றார். கம்பெனி இந்தப் பால்வாடியைப் பொறுப்பு எடுத்துக்கொள்ளப் போகிறதாம். அரசாங்கத்தில் அதற்கு ஒரு மானியம் இருக்கிறதாம். செலவில் பெரும்பங்கு அரசாங்கம் கொடுக்கும், மீதி கம்பெனி. மாலை ஆறு மணிவரை திறந்திருக்கும், பால் உண்டு, இன்னொரு ஆயா உண்டு, எனக்கு முழுநாள் வேலை, அதற்குத் தகுந்த ஊதியம். இருபத்தைந்து குழந்தைகளுக்குக் குறையாமல் அம்மாக்களிடம் படிவம் வாங்க வேண்டும், ஒவ்வொன்றிலும் குழந்தையின் போட்டோ ஒட்ட வேண்டும். இருபத்தெட்டாம் தேதி அதிகாரி வந்து பார்த்துவிட்டால் ஒன்றாம் தேதியே ஆரம்பித்துவிடலாம்.

ஐந்து நிமிஷம் லேட்டாக வந்தால் அரைநாள் கூலி பிடிக்கிற கம்பெனி, எதற்குப் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றப் போகிறது என்று எனக்கு உறைத்தது. உறைக்காமல் இல்லை. ஆனால் ஆசை கண்ணை மறைத்தது. கவிப்பிரியாவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான். ஒன்பது வருஷம் அரைநாள் டீச்சராக இருந்து பாருங்கள், புரியும்.

படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் இருந்தது: குழந்தைகள் மையம் தத்தெடுப்புத் திட்டம், பெற்றோர் ஒப்புதல் படிவம். நான் அதைக் கவனிக்கவே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தாயாரம்மாள் கவனித்தாள். பெருக்குகிற சாக்கில் மேஜைப் பக்கம் நின்று, குழந்தைகள், தத்தெடுப்பு, பெற்றோர் ஒப்புதல் என்று கூட்டிப் படித்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கம்பெனிக்காரன் பிள்ளைகளைத் தத்து எடுக்கிறான், டீச்சரம்மா போட்டோ பிடித்துக் கொடுக்கிறாள், பெத்தவள் ரேகை வைக்கிறாள்.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போட்டோக்காரர் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் புது ஆள் ஒருத்தன் கேமராவோடு நடந்தாலே போலீசும் கேட்கும், ஊரும் கேட்கும். அவரை டீக்கடையில் நிறுத்தி அரைமணி நேரம் விசாரித்திருக்கிறார்கள். பால்வாடிக்கு ஒரு குழந்தைகூட வரவில்லை. உருண்டை பிடித்து வைத்தது அப்படியே இருந்தது. நானும் தாயாரம்மாளும் போட்டோக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஆயா, நீ யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குச் சொல்றேன். எய்தி கீறத படிச்சேன். படிக்கிறது தப்பா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அன்றைக்கு வாராந்திர லீவு. கதவு பாதி சாத்தியிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"கவிப்பிரியா எங்கே?"

"அவ சித்தி ஊட்டுக்குப் போயிருக்கா."

கதவுக்குப் பின்னாலிருந்து நான் சொல்லிக்கொடுத்த அணில் பாட்டை யாரோ மழலையில் பாடினார்கள். சின்னப்பொண்ணு முறத்தைக் கொஞ்சம் சத்தமாகத் தட்டினாள்.

"த பாரு சின்னப்பொண்ணு. எனக்கு வர்ற கோவத்துல ஏதாவது சொல்லிடப் போறேன். உனக்காகத்தான் நான் இந்த அலை அலையறேன்."

"எனக்காகவா? உங்க ஆளு வந்தாரு. வெள்ளக்காரனுக்கு ஷூ அனுப்பறவரு. இப்ப புள்ளயும் அனுப்புவாரு."

உங்க ஆளு. ஒன்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை வேறு கோயிலுக்குப் போகிறேன் என்பதற்காக ஒரே நாளில் உங்க ஆளு ஆகிவிட்டேன். மனசு விட்டுப் போனது.

"கம்பெனி கட்டடத்தைத்தான் தத்து எடுக்குது, புள்ளைங்கள இல்ல. பராமரிக்கிறதுக்கு அப்படி ஒரு பேர் வச்சிருக்கான்."

"கட்டடத்த எடுக்கறவனுக்குப் புள்ள போட்டோ இன்னாத்துக்கு?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

அவள் நிறுத்தவில்லை. "எங்க மாமா ஊட்ல தத்து குடுத்தாங்க டீச்சர். இதே மாதிரிதான் கைநாட்டு வெச்சாங்க. அந்தப் பையன் கல்யாணத்துல பெத்தவளுக்குக் கடேசிப் பந்தில எலய போட்டாங்க. நான் பாத்தேன்."

உள்ளே பாட்டு நின்று, கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. சின்னப்பொண்ணு அதைப் பார்த்தாள். ஒன்றாம் தேதி அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

"சரி. இந்தப் புள்ளய பெத்தவ நான்தான்னு அந்தப் பேப்பர்லயே எய்துங்க. அப்ப ரேக வெக்கறேன்."

படிவத்தில் அதற்கு இடம் இல்லை. குழந்தை பேர், வயது, ஊர், கைநாட்டு, அவ்வளவுதான். நான் ஓரத்தில் எழுதினேன்: பெற்ற தாய், சின்னப்பொண்ணு.

"எந்த சின்னப்பொண்ணு? இந்த ஊர்லயே நாலு பேரு கீறோம். நாள பின்ன வேற ஒருத்திய நிக்க வெச்சி இவதான் பெத்தவன்னு சொன்னா?"

ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டேன். அது புருஷன் ஊரில், மாமனார் பேரில் இருந்தது. அவள் யோசித்தாள். உள்ளே போய்க் கழுத்துக் கயிற்றோடு டோக்கனை எடுத்து வந்தாள். வட்டமான அலுமினியத் தகடு, கம்பெனி பேர், நடுவில் 57.

"இத எய்துங்க. இந்த நம்பரு எனக்கு மட்டுந்தான். மூணு வருசமா கீறேன்னு சேத்து எய்துங்க."

எழுதினேன். பெற்ற தாய், சின்னப்பொண்ணு, ஷூ கம்பெனி, டோக்கன் நம்பர் 57, மூன்று வருஷம். என்ன எழுதினேன் என்று இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கட்டை விரலை மையில் அழுத்தினாள்.

அதற்குப் பிறகு நான் வீடு வீடாக அலைய வேண்டியிருக்கவில்லை. சின்னப்பொண்ணு பிள்ளைக்குக் காபந்து பண்ணிக்கொண்டாள் என்ற செய்தி பரவியதும் எல்லாரும் டோக்கனோடு வந்துவிட்டார்கள். எனக்கும் அதே மாதிரி எழுது, பெற்ற தாய் என்று எழுது, நம்பரைப் பெரிசாகப் போடு என்று ஒரே நச்சரிப்பு. பக்கத்துக் காலனியிலிருந்தும் வந்தார்கள். இருபத்தைந்து கேட்ட இடத்தில் முப்பத்து மூன்று படிவம் சேர்ந்தது. முப்பத்து மூன்று அம்மாக்கள், முப்பத்து மூன்று டோக்கன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அமிர்தநாதனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். மூன்றாவது படிவத்தைப் புரட்டும்போது சிரிப்பு போய்விட்டது.

"யார் இதையெல்லாம் எழுதச் சொன்னது?"

"அவங்கதான் சார். தத்துன்னு பயந்துட்டாங்க. அதான் ஒரு நம்பிக்கைக்கு."

"படிவத்துல இல்லாததை எழுதக்கூடாது மேரி. ஆபீஸ் நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு." பையிலிருந்து புதுக்கட்டு படிவம் எடுத்து வைத்தார். "இதுல எழுதிடுங்க. தாயின் தொழில்னு மேடம் கேட்டா கூலி வேலைன்னு சொல்லிடுங்க. கம்பெனி பேரே வரக்கூடாது. இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

"கம்பெனி நடத்தப் போற பால்வாடிதானே சார். கம்பெனியில வேலை செய்யறாங்கன்னு எழுதினா என்ன?"

"உங்களுக்கு ஆறு மணி வரைக்கும் வேலை வேணுமா வேணாமா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. பழைய கட்டை எடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் தாயாரம்மாள் மாவு டின்னைத் தூக்கி வந்து கட்டின்மேல் வைத்துவிட்டு, "எடம் இல்ல சார், இங்கதான் வெக்கணும்," என்றாள். பதினைந்து கிலோ டின். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதைத் தூக்க அவருக்கு மனசு வரவில்லை. நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அன்று சாயங்காலம் நான் புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனேன். எனக்கு அந்த வேலை வேண்டும். என் வீட்டுக்காரர் ஜாக்சனுக்கு ரைஸ்மில்லில் சீசன் இருந்தால்தான் வேலை. மேல்கொண்டு எதையும் யோசிக்க நான் தயாராக இல்லை.

"அதுல ஒரு தப்பு ஆயிடுச்சு. இதுல ஒரு ரேகை வச்சிடு."

அவள் படிவத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். "என் நம்பரு எங்க?"

"நம்பர் தேவையில்லையாம். தொழில் கேட்டா கூலின்னு சொல்லணுமாம்."

"நேத்து எய்தறேன்னீங்க. இன்னிக்கு வோணான்றீங்க. கம்பெனி பேரு கூடாதுன்னு யாரு சொன்னது? அவரா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு எதையோ கணக்குப் போட்டாள்.

"ஒண்ணு சொல்லட்டா டீச்சர். வருசத்துல ரெண்டு மூணு தபா கம்பெனிக்கு ஆபீசரு வருவாரு. அன்னிக்கு எங்கள்ல பாதிப் பேர பின்னாடி கேட்டு வழியா அனுப்பிடுவாங்க. கூலி புடிக்க மாட்டாங்க. நாங்களும் ஏரிக்கரைல குந்திகினு வேர்க்கடல துன்னுகினு இருப்போம். உள்ள இருவத்தெட்டு பொம்பளைங்கதான் நிப்பாங்க. எப்பப் பாத்தாலும் இருவத்தெட்டு. எதுக்குன்னு நாங்க கேட்டதே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. காஞ்சிபுரத்தில் ஒரு பயிற்சியில் ஒரு அம்மா வகுப்பெடுத்தார்கள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலை எதுவானாலும், அவர்களுடைய குழந்தைகளுக்குத் தன் செலவில் தனி அறை கட்டி ஆள் போட வேண்டும், அது சட்டம் என்றார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், மறந்துவிட்டேன். அப்போது எங்கள் ஊர்ப் பக்கம் தொழிற்சாலையே கிடையாது. இப்போது கையில் முப்பத்து மூன்று டோக்கன் நம்பர் இருந்தது, அதுவும் பிள்ளை பெற்றவர்கள் மட்டும். தன் செலவில் செய்ய வேண்டியதை அரசாங்க மானியத்தில், எங்கள் பால்வாடிக் கட்டடத்தில் முடித்துக்கொள்ளக் கம்பெனிக்காரன் பார்த்திருக்கிறான். போகட்டும், பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிறதே என்று விடலாம் என்றால் அந்தப் பெண்கள் கம்பெனியில் வேலையே செய்யவில்லை என்று எழுதித் தர வேண்டும். அதை எழுதப் பேனா எடுத்தவள் நான்.

எல்லாவற்றையும் சின்னப்பொண்ணிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"இத மட்டும் எப்டி நம்பறது? உங்க வாயி மூணு நாள்ல மூணு பேச்சு பேசுது," என்றாள். புதுப் படிவத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். ரேகை வைக்கவில்லை. அவள் சொன்னதில் தப்பே இல்லை. அந்த ராத்திரி முழுக்க என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி அதிகாரி ஜீப்பில் வந்தார்கள். ரத்னா மேடம், கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். அமிர்தநாதன் முன்னதாகவே வந்துவிட்டார். அரைநாள் கூலியோடு பத்துத் தாய்மார்களைக் கம்பெனியிலிருந்து அனுப்பியிருந்தார், டோக்கனை கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு. கூலி வேலை என்று சொல்லுங்கள், அப்போதுதான் பால்வாடி என்று சொல்லி அனுப்பியிருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. சின்னப்பொண்ணு இரண்டாவதாக நின்றாள், இடுப்பில் கவிப்பிரியா.

"தாய்மார்கள் எல்லாம் விவசாயக் கூலிங்க மேடம். பாவப்பட்ட ஜனங்க," என்றார் அமிர்தநாதன். "படிவம் மேரிகிட்ட இருக்கு."

என்னிடம் இரண்டு கட்டும் இருந்தது. சொன்னபடி அவர் அனுப்பிய ஆளிடம் சாவி இல்லை என்று பொய் சொல்லியிருந்தேன். எழுதிய கட்டு டின்னுக்கு அடியில், எழுதாத கட்டு மேஜைமேல். இரண்டில் எதை எடுப்பது என்று அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. முதலில் நின்றவளைக் கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்து, "கூலி," என்றாள். அடுத்து சின்னப்பொண்ணு.

"நீ எங்கேம்மா வேலை செய்யறே?"

சின்னப்பொண்ணு அமிர்தநாதனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கூலி என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லட்டும், நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், நாலு நாளில் ஒன்றாம் தேதி, அவளுக்கு வேறு வழி என்ன இருக்கிறது.

"மேடம், டீச்சர்கிட்ட இன்னொரு பேப்பர் கீது. இந்தக் கொயந்த யாருதுன்னு அதுல எய்தி கீது, நான் எங்க வேல செய்யறேன்னும் எய்தி கீது. கைநாட்டு என்னுது. நான் கூலின்னு சொன்னா அது பொய்யாயிடும். அது பொய்யாச்சின்னா புள்ள என்னுதுன்றதும் பொய்யாயிடும் இல்ல? அதனால சொல்ல மாட்டேன். ஷூ கம்பெனி. அம்பத்தேயு."

கட்டடத்தைத் தத்து எடுப்பது என்றால் என்ன என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. சட்டம் பற்றி நான் சொன்னதை நம்பவும் இல்லை. ஒரே காகிதத்தில் பிள்ளையும் வேலையும் சேர்ந்து இருந்தது, ஒன்றை அழித்தால் இன்னொன்றும் போய்விடும் என்று பயந்தாள். அந்தப் பயம் எனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று வெட்கமாகப் போனது. நான் டின்னை நகர்த்திக் கட்டை எடுத்து மேடம் கையில் கொடுத்தேன்.

மேடம் நின்றபடியே முப்பத்து மூன்றையும் படித்தார்கள். அமிர்தநாதன் ஏதோ சொல்ல வந்தார், மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"இந்த இடத்துக்கு மானியம் சிபாரிசு பண்ண முடியாது," என்றார்கள். "இத்தனை பெண்கள் இருந்தா கம்பெனிதான் குழந்தைங்க அறை கட்டணும். தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதறேன். இந்தப் படிவம் எல்லாம் என்கிட்டயே இருக்கும். இதுல பேர் இருக்கிற யாரையாவது வேலையிலிருந்து நிறுத்தினா எனக்குத் தெரியணும் சார்."

அவர் சரி மேடம் என்றார். என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

"ரூம் எப்ப கட்டுவாங்க?" என்று சின்னப்பொண்ணு கேட்டாள்.

"கடிதம் போகணும், ஆய்வு நடக்கணும். மூணு நாலு மாசம் ஆகும்மா."

"திங்கக்கெழம மத்தியானம் புள்ளய எங்க வுடறது?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. "அதுக்கு என்கிட்ட விதி ஒண்ணும் இல்லம்மா," என்றார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. மேடம்மேலா, கம்பெனிமேலா, மூன்று நாள் மூன்று பேச்சுப் பேசிய என் வாய்மேலா, தெரியாது.

"இங்க விடு. ஆறு மணி வரைக்கும் நான் இருக்கேன்," என்றேன்.

"அதுக்கு ஊதியம் வராது மேரி," என்றார்கள் மேடம்.

"தெரியும் மேடம்."

தாயாரம்மாள் என் காதருகே வந்து, "உன் வாயில கொள்ளிய வெக்க," என்று முணுமுணுத்தாள். ஆனால் திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு அவளும் வீட்டுக்குப் போகவில்லை.

அன்று சின்னப்பொண்ணு சாப்பாட்டு நேரத்தில் வந்து குழந்தையைத் தூக்காமல் நின்றாள். பதினோரு குழந்தைகள் பாயில் படுத்திருந்தன.

"சொம்மா எதுக்கு டீச்சர் செய்யறீங்க? உங்களுக்கு இன்னா வோணும், சொல்லிடுங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அதான் பயமா கீது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குக் கம்பெனியில் டீ நேரம், பத்து நிமிஷம். மூன்று ஐந்துக்கு ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. பாயில் கவிப்பிரியா எங்கே என்று கண்ணால் தேடி, கண்டதும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி ஓடினாள். செவ்வாய்க்கிழமையும் அதே மூன்று ஐந்து. புதன்கிழமையும் அப்படியே. டீயைக் குடிக்காமல் வருகிறாள் என்று தெரிந்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உன் பிள்ளைக்குக் காவல் இருக்கிறேன், நீ என்னை வேவு பார்க்கிறாயா என்று கேட்டுவிட நினைத்தேன். கேட்கவில்லை.

வியாழக்கிழமை அவள் வரவில்லை.

மூன்று பத்து ஆயிற்று, மூன்று இருபது ஆயிற்று. ஜன்னலில் யாரும் இல்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. அமிர்தநாதன் சும்மா விடுவாரா. மேடம் சொன்னதை யார் மதிக்கப் போகிறார்கள். நிறுத்தியிருந்தால் இங்கேதானே நேராக வருவாள். வராவிட்டால் உள்ளே எங்காவது உட்கார வைத்து எழுதி வாங்குகிறார்களா. மிஷினில் கையை விட்டுக்கொண்டாளா. நான் வாசலுக்கும் பாய்க்குமாக நடந்தேன். குழந்தைகளை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நான்தான் அவளைக் கொண்டுபோய் இதில் மாட்டிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆறு மணிக்குப் பத்துக் குழந்தைகளை அம்மாக்கள் வந்து அழைத்துப் போனார்கள். சின்னப்பொண்ணு வேறு லைன், நாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். கவிப்பிரியா என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஆறே காலுக்கு அவள் நிதானமாக நடந்து வந்தாள். கழுத்தில் டோக்கன் இருந்தது. நகத்தில் பசை கறுத்திருந்தது.

"எங்கே போயிருந்தே? ஏன் வரல?" என்று கத்திவிட்டேன்.

"ஓவர்டைம் இல்ல டீச்சர், கடேசி லாட்டு தச்சி முடிய கால் மணி ஆயிடிச்சி."

"அதைக் கேக்கல. மூணு மணிக்கு. ஜன்னலுக்கு ஏன் வரல?"

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் என்ன கேட்கிறேன் என்று புரியாதவள்போல என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு டீச்சர் வரணும்? நீங்கதான் கீறீங்களே."